ஏதோ ஒரு பறவை

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பின்பக்கம், திருகாணி செய்துகொண்டிருந்த கம்பெனி ஒன்று மூடிப்போன கட்டடத்தில் ஈரநில உயிரின ஆய்வு நிலையம் இயங்கி வருகிறது. ஏரி, குளம், அவற்றில் வாழும் பறவை, மீன், தவளை பற்றி எல்லாவற்றையும் தெரிந்துகொள்வது அதன் முதல் நோக்கம். தெரிந்துகொண்டதை வைத்து எதுவும் செய்யாமல் இருப்பது இரண்டாவது நோக்கம். முதல் நோக்கத்தை வாசல் பலகையில் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது, அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தானாகவே புரிந்துவிடும்.

ரூபஸ் அங்கே மூத்த விஞ்ஞானி. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா நாசரேத்திலிருந்து ஆவடிக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். ரூபஸ் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அப்பா அம்மா இருந்தவரை அவருடைய கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பிறகு பேசுவதற்கு ஆளில்லாமல் அது நின்றுபோனது. அயனம்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு வாங்கி, ஒற்றை ஆளாகக் குடியேறினார்.

அந்த வீட்டை அவர் வாங்கியதே பால்கனிக்காகத்தான். அங்கே நின்றால் சித்தேரி தெரியும். அயனம்பாக்கத்துப் பெரிய ஏரியை ஊருக்கே தெரியும். இது அதற்குப் பக்கத்தில் யாரும் கண்டுகொள்ளாத சின்ன ஏரி. நடுவில் ஒரு மண்திட்டு. திட்டில் கருவேல மரங்கள். கார்த்திகை பிறந்தால் அந்த மரங்களில் வக்காக்கள் வந்து கூடு கட்டும். வக்கா கொக்கு இனம்தான், ஆனால் கொக்கின் ஒயில் எல்லாம் அதற்குக் கிடையாது. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, பகல் முழுக்க யாரோடோ கோபித்துக்கொண்டது போல் உட்கார்ந்திருக்கும். அந்தி சாய்ந்ததும் கரகரவென்று ஒரு குரல் கொடுத்துவிட்டு இரைக்குக் கிளம்பும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் ரூபஸ் அடுப்பில் உலை வைப்பார். அவருக்கு அந்த வீட்டில் வந்துபோகிற குரல் அது ஒன்றுதான்.

நிலையத்தில் வம்பு தொடங்கியது போன வருஷம். மீன் பிரிவில் இருந்த ஒருவர் தொலைக்காட்சிக்காரர் மைக்கை நீட்டியதும், ஏரியில் கட்டட இடிபாடுகளைக் கொட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். அடுத்த நாள் இயக்குநர் டாக்டர் கார்த்திகேசனுக்கு எங்கெங்கிருந்தோ போன் வந்தது. மீன் பிரிவுக்காரர் தவளைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். இயக்குநர் மலைப்பிரதேசம் ஒன்றில் நடந்த கருத்தரங்குக்குப் போய், ஒரு வாரம் குளிரில் நடுங்கி, ஒரு யோசனையோடு திரும்பி வந்தார். எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

“விஞ்ஞானி என்பவர் ஒரு தெர்மாமீட்டர். காய்ச்சல் இவ்வளவு என்று காட்டலாம். மாத்திரை போடு என்று சொல்லலாமா? சொன்னால் அடுத்த முறை அதை யார் வாயில் வைப்பார்கள்? நாம் ஏரியின் பக்கமும் இல்லை, ஏரியை மூடுகிறவர்கள் பக்கமும் இல்லை. நாம் கரையில் நிற்கிறோம்.”

கரையை அகலப்படுத்தித்தானே ஏரியை மூடுகிறார்கள் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். அது கைதட்டலில் அமுங்கிப்போனது. ரூபஸும் கைதட்டினார். அவருக்கு அந்தப் பேச்சில் நியாயம் இருப்பதாகவே பட்டது. எண்ணுகிறவன் பறவைக்கு வக்கீலாகவும் ஆகிவிட்டால், அவன் எண்ணிச் சொல்லும் கணக்கை எதிர்த்தரப்பு நம்புமா என்று அவரே பல நாள் பால்கனியில் நின்று யோசித்திருக்கிறார். நேர்மையான மனிதர்களுக்கு இந்த மாதிரிப் பேச்சு சீக்கிரம் பிடித்துவிடும். அதுதான் அவர்களுடைய கஷ்டம்.

யோசனை இதுதான். ஒவ்வொருவருக்கும் கழுத்தில் மாட்டிக்கொள்ள இரண்டு அடையாள அட்டைகள். நீல அட்டை விஞ்ஞானி. மஞ்சள் அட்டை குடிமகன். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை நீலம், மற்ற நேரமெல்லாம் மஞ்சள். விஞ்ஞானிக்கு எல்லாம் தெரிந்திருக்கலாம், கருத்து இருக்கக் கூடாது. குடிமகனுக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம். ஆனால் விஞ்ஞானிக்குத் தெரிந்தது எதுவும் அவனுக்குத் தெரியக் கூடாது, ஏனென்றால் அது நிலையத்தின் சொத்து. இதையெல்லாம் கவனிக்க நடுநிலை அலுவலர் என்று ஒரு பதவி உண்டாக்கப்பட்டது. கணக்குப் பிரிவில் இருந்த தமிழரசு அதில் உட்கார்ந்தார். மரியாதையான, பயந்த சுபாவமுள்ள மனிதர். தனக்கும் இரண்டு அட்டை கொடுத்துவிட்டார்களே என்று உள்ளூர அவருக்கு உதறல்தான்.

அட்டைக்குப் படம் எடுத்தார்கள். விஞ்ஞானி முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரியக் கூடாது, குடிமகன் லேசாகச் சிரிக்க வேண்டும் என்பது விதி. ரூபஸுக்கு நீல அட்டைப் படம் ஒரே சொடுக்கில் அமைந்தது. மஞ்சள் அட்டைக்குத்தான் சிரிப்பு வரவில்லை. படம் எடுப்பவர் வீட்டில் இருப்பவர்களை நினைத்துக்கொள்ளச் சொன்னார். அதற்குப் பிறகு எடுத்த படம் முன்னதைவிட மோசமாக வந்தது. கடைசியில் அதையே ஒட்டிவிட்டார்கள்.

விதி என்றால் அதை ஒழுங்காகப் பின்பற்ற வேண்டும் என்பது ரூபஸின் குவார்ட்டர்ஸ் வளர்ப்பு. அதனால் சந்தேகம் வரும்போதெல்லாம் தமிழரசுவிடம் போய் நிற்பார். சாயங்காலம் பால்கனியில் நின்றால் வக்கா தெரிகிறது, அப்போது கழுத்தில் இருப்பது மஞ்சள் அட்டை, அது வக்கா என்பது தனக்குத் தெரியலாமா என்று ஒருநாள் கேட்டார். தமிழரசு விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கண்ணால் பார்ப்பது குடிமகனின் உரிமை, அதைத் தடுக்க முடியாது. ஆனால் இனம் கண்டு பெயர் சொல்வது பயிற்சியால் வந்தது.

“ஏதோ ஒரு பறவைன்னு வச்சுக்குங்க சார்” என்றார்.

அன்றிலிருந்து ஆறு மணிக்கு மேல் சித்தேரியில் ஏதோ பறவைகள் இருந்தன. ரூபஸ் அவற்றைப் பார்த்தபடி உலை வைத்தார்.

இதோடு நின்றிருந்தால் காலம் ஓடியிருக்கும். கார்த்திகை நடுவில் எல்லாரிடமும் ஓர் உறுதிமொழி கேட்டார்கள். அலுவலகத்துக்கு வெளியே ஆராய்ச்சி விஷயங்களை யாரோடு பேசுவீர்கள் என்பது அதில் ஒரு கேள்வி. நிலையத்தில் எல்லாரும் ‘யாரோடும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். பெண்டாட்டியிடம் இரண்டு மணி நேரம் புலம்புகிறவர்கள்கூட அப்படித்தான் எழுதினார்கள். ரூபஸ் மட்டும் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்து, உண்மையை எழுதினார்: ‘வீட்டில் வேறு யாரும் இல்லை. என்னோடு நானே பேசிக்கொள்வேன்.’

அதை விசாரிக்க ஒரு குழு கூடியது. நிலையத்தின் வரலாற்றில் நீல அட்டையும் மஞ்சள் அட்டையும் ஒரே வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்வதாக எழுத்துமூலம் ஒப்புக்கொள்ளப்பட்டது அதுவே முதல்முறை. இயக்குநரே தலைமை தாங்கினார். பேச்சை முதலில் தொடங்குவது விஞ்ஞானியா, குடிமகனா என்று கேட்டார்கள். முகச்சவரம் செய்யும்போது பெரும்பாலும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பவர்தான் தொடங்குவார் என்று ரூபஸ் சொன்னார். எதைப் பற்றிப் பேசுவார்கள் என்று கேட்டார்கள். என்ன குழம்பு வைப்பது, முதுகு வலிக்கு எந்த டாக்டரைப் பார்ப்பது, வக்கா இந்த வருஷம் ஏன் தாமதமாக வந்தது, இப்படி எல்லாம்தான் என்றார். வக்கா என்ற சொல் வந்ததும் குழுவில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தீர்ப்பு தாராளமாகவே வந்தது. ரூபஸ் தன்னோடு பேசிக்கொள்ளலாம், பொது விஷயங்கள் மட்டும். குழம்பு பேசலாம், முதுகு வலி பேசலாம். பறவை பேசக் கூடாது. மழையைப் பற்றிப் பேசினால் ஏரியில் தண்ணீர் என்றாகி, பிறகு பறவையில் போய் முடியும் என்பதால் மழையையும் தவிர்ப்பது நல்லது. ரூபஸ் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

குழம்பைப் பற்றி ஒரு மனிதன் எவ்வளவுதான் பேச முடியும். ஒரு வாரம் பேசிப் பார்த்தார். அப்புறம் வாய் தானாக மூடிக்கொண்டது. வீடு அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. அத்தனை வருஷம் தான் தனியாக இருந்ததாக நினைத்தது தப்பு, உண்மையான தனிமை இப்போதுதான் வந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. அதையும் சொல்லிக்கொள்ள ஆளில்லை.

மார்கழியில் இன்னொரு செய்தி வந்தது. சித்தேரி அழகுபடுத்தும் குழு என்று ஒன்று அமைந்து, திட்டில் பறவைகள் பூங்கா அமைக்கத் தீர்மானித்திருந்தது. கருவேல மரங்களை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஆறடி உயரத்தில் சிமென்ட் நாரைகளை நிறுத்தி, நாரைகளுக்கு நடுவில் செல்ஃபி எடுக்க மேடை கட்டி, பிப்ரவரி இரண்டாம் தேதி, உலக ஈரநில நாளன்று திறப்பு விழா. மரங்களில் அப்போது குஞ்சுகள் இருக்கும். மாசி முடிவதற்குள் அவை பறந்துவிடும். அதுவரை பொறுத்தால் போதும்.

சிமென்ட் நாரையின் காலுக்கு என்ன நிறம் அடிப்பது என்று அழகுபடுத்தும் குழு நிலையத்திடம் யோசனை கேட்டது. இயக்குநர் மகிழ்ச்சியோடு ஒரு குழுவைப் போட்டார். இது கொள்கையில் தலையிடுவது ஆகாதா என்று ரூபஸ் வெகுளியாகக் கேட்டதற்கு, காலின் நிறம் உண்மை, மரத்தை வெட்டாதே என்பது கருத்து என்று இயக்குநர் விளக்கினார். குழு மூன்று வாரம் உழைத்து, இளஞ்சிவப்பு என்று கண்டுபிடித்தது.

குஞ்சுகளைப் பற்றியும் ஓர் அறிக்கை வேண்டும் என்றார்கள். ரூபஸ் எழுதினார்: ‘மரங்களை இப்போது வெட்டினால் குஞ்சுகள் விழும். மாசி முடிந்து வெட்டினால் விழாது.’ இயக்குநர் அதைப் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் சாய்கிற மாதிரி இருக்கிறது என்று கடைசியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: ‘இவ்விரண்டில் எதன் மீதும் நிலையத்துக்கு விருப்பம் இல்லை.’

ஏரிக்கரை முனையில் பஞ்சவர்ணம் என்ற பெண் காலையில் ஆப்பமும் வடகறியும் விற்பாள். ரூபஸ் தினமும் அங்கேதான் சாப்பிடுவார். வாரம் முழுக்க அவரிடம் அலுவலகத்துக்கு வெளியே பேசுகிற ஒரே ஆள் அவள்தான். தை பிறந்த வாரத்தில் ஒருநாள் ஆப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டே கேட்டாள்.

“இன்னா அண்ணாத்தே, நீ பறவ ஆபீஸ்தானே? மரத்த வெட்டப் போறாங்களாமே. மேல குஞ்சுங்க கத்திக்கினு கீது. நீ போய் ஒரு வார்த்த சொன்னா இன்னா?”

ரூபஸ் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு மணி. “இப்ப நான் மஞ்சள் அட்டை, அக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“ஒம்போது மணிக்கு மேல தெரியுமா?”

“தெரியும். ஆனா சொல்லக் கூடாது.”

“அப்ப தெரிஞ்சிக்கினு எப்பதான் சொல்லுவ?”

ரூபஸ் மனதுக்குள் வாரம் முழுவதையும் ஓட்டிப் பார்த்தார். அப்படி ஒரு நேரம் அதில் இல்லை. பஞ்சவர்ணம் அதற்கு மேல் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து ஆப்பத்தை வைத்தாள், வடகறியை ஊற்றினாள், பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும் முன்பு, போனில் தமிழரசுவைக் கூப்பிட்டு, குஞ்சுகளுக்காக ஜெபம் பண்ணலாமா என்று கேட்டார். மறுமுனையில் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு தமிழரசு தயங்கித் தயங்கிச் சொன்னார்: ஜெபம் என்பது பரிந்துரை, அதுவும் இருப்பதிலேயே உயர்ந்த அதிகாரத்துக்கு. ஆகையால் தகவலை மட்டும் சமர்ப்பிக்கலாம், தீர்மானத்தை அவரிடமே விட்டுவிடலாம். ரூபஸ் ஆவடிக் கோவிலில் முழங்கால் போட்டு, ‘ஆண்டவரே, மரத்தில் குஞ்சுகள் இருக்கின்றன’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் வேலை வேண்டும், வீடு வேண்டும், சுகம் வேண்டும் என்று கூச்சமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் அறிக்கை வாசித்துவிட்டு எழுந்தார்.

மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மாலை ஐந்து மணிக்கு. மேடையில் முந்தின நாள் முகூர்த்தத்தின் பூ அலங்காரம் அப்படியே இருந்தது. அதன் நடுவில், மாப்பிள்ளை உட்காரும் நாற்காலியில், தலைமை தாங்க வந்த ஓய்வுபெற்ற அதிகாரி உட்கார்ந்திருந்தார். முதல் வரிசையில் கார்த்திகேசனும் தமிழரசுவும். பின்னால், சுவரோரமாகப் பஞ்சவர்ணம் நின்றுகொண்டிருந்தாள். பூங்கா வந்தால் கரையில் கடை போட முடியாது என்று அவளுக்கும் சொல்லியிருந்தார்கள்.

ஐந்தரைக்கு விஞ்ஞானி ரூபஸை அழைத்தார்கள். அவர் நீல அட்டையோடு போய், திரையில் வரைபடத்தைக் காட்டி, அறிக்கையை இயக்குநர் சேர்த்த வரி வரைக்கும் வாசித்தார். அப்படியானால் நாங்கள் என்ன செய்வது என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து கேட்டார். அது என் வேலை இல்லை என்று ரூபஸ் சொன்னார். கூட்டம் சிரித்தது. இயக்குநர் மட்டும் பெருமையோடு தலையாட்டினார்.

ரூபஸ் இறங்கி வந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். ஆறு அடித்ததும் நீல அட்டையைக் கழற்றிப் பையில் வைத்து, மஞ்சள் அட்டையை மாட்டிக்கொண்டு, பொதுமக்கள் வரிசையில் போய் நின்றார். அவர் முறை வந்தது. மைக்கைப் பிடித்தார்.

“மரத்துல குஞ்சுங்க இருக்கு” என்று தொடங்கினார்.

தமிழரசு பதறிப்போய்க் கையைத் தூக்கினார். அது நீல அட்டையின் தகவல் என்று தலைவரிடம் பணிவாக எடுத்துச் சொன்னார். தலைவருக்குப் புரியவில்லை. இயக்குநர் எழுந்து இரண்டு அட்டை முறையை விளக்கினார். தலைவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. தான் வேலையில் இருந்த காலத்தில் இப்படி ஒன்று இல்லாமல் போய்விட்டதே என்று வருத்தப்பட்டார். பிறகு குடிமகனுக்குத் தெரிந்ததை மட்டும் பேசும்படி ரூபஸிடம் சொன்னார். மரத்தில் ஏதோ இருக்கிறது என்றார் ரூபஸ். என்ன இருக்கிறது என்று கேட்டார் தலைவர். தெரியாது என்றார் ரூபஸ். கூட்டம் மறுபடி சிரித்தது.

சுவரோரம் இருந்த பஞ்சவர்ணம் மட்டும் சிரிக்கவில்லை. இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரூபஸுக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. மஞ்சள் அட்டையைக் கழற்றினார். பையிலிருந்த நீல அட்டையையும் எடுத்து, இரண்டையும் மேடை விளிம்பில், வாடிய பூவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“கூட்டுல குஞ்சுங்க இருக்கு. பறக்கத் தெரியாது. இப்ப வெட்டினா எல்லாம் செத்துப்போகும். மாசி முடியட்டும் சார். அதுவரைக்கும் பொறுங்க.”

நீங்கள் எந்த முறையில் இதைச் சொல்கிறீர்கள் என்று தலைவர் கேட்டார்.

“தெரியல சார். எனக்குத் தெரியும், அதனால சொல்றேன்.”

அட்டை இல்லாதவர் பேசியதை எப்படிக் குறிப்பது என்று தலைவரும் இயக்குநரும் கலந்து பேசினார்கள். கடைசியில் கூட்டக் குறிப்பில் இப்படிப் பதிவானது: விஞ்ஞானி ரூபஸ், கருத்து இல்லை. குடிமகன் ரூபஸ், தகவல் இல்லை. அடையாளம் தெரியாத ஒருவர் ஏதோ சொன்னார்.

நிலையத்தில் விசாரணை நடந்தது. தண்டனை கிடைக்கும் என்று ரூபஸ் எதிர்பார்த்துத்தான் போனார். ஆனால் விஞ்ஞானி விதியை மீறவில்லை, குடிமகனும் மீறவில்லை, இருவரையும் குழு பாராட்டி, அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தது. பேசிய மூன்றாவது ஆள் நிலையத்தின் ஊழியரே இல்லை என்பதால் அவர் மீது நடவடிக்கை எடுக்க வழியில்லை. அதே காரணத்தால் அவரை உள்ளே விடவும் வழியில்லை என்றார் இயக்குநர்.

“இனிமேல் அவரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.”

தை பாதியாவதற்குள் மரங்களை வெட்டினார்கள். வேலை அரை நாளில் முடிந்தது. அன்று பத்து மணிக்கு நீல அட்டையோடு ரூபஸைத் திட்டுக்கு அனுப்பினார்கள், விழுந்த குஞ்சுகளை எண்ணிவர. இப்படிப்பட்ட தரவு லேசில் கிடைக்காது என்று இயக்குநர் உற்சாகமாக இருந்தார். சாட்சிக்குத் தமிழரசுவும் போனார். முள்ளுக்கு நடுவில் குனிந்து குனிந்து ரூபஸ் எண்ணினார். தாய்ப்பறவைகள் தலைக்கு மேல் பட்டப்பகலில் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தை அவர் அதற்கு முன் கேட்டதில்லை.

ஒன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது. இடது கால் விரல் ஒன்று மடங்கியிருந்தது. கையில் எடுத்ததும் அது அவர் கட்டைவிரலைக் கொத்தியது. ரூபஸ் சாப்பாட்டுப் பையிலிருந்த டிபன் டப்பாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு, குஞ்சைப் பைக்குள் விட்டார். நிமிர்ந்தபோது தமிழரசு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தமிழரசு மெல்ல ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தண்ணி இந்த வருஷம் நல்லா இருக்கு சார்” என்றார்.

அந்த அறிக்கையில் எண்ணிக்கை ஒன்று குறைந்தது. ரூபஸின் உத்தியோகத்தில் அவர் தெரிந்தே செய்த பிழை அது ஒன்றுதான்.

உலக ஈரநில நாளன்று பூங்காவைத் திறந்தார்கள். இளஞ்சிவப்புக் கால்களைப் பற்றி இயக்குநர் கால்மணி நேரம் பேசினார். கரையிலிருந்து கடைகளை எடுக்கச் சொல்லிவிட்டதால் பஞ்சவர்ணம் தெருமுனைக்கு வந்துவிட்டாள். ரூபஸ் அங்கே போய் ஆப்பம் சாப்பிட்டுவிட்டு, பொடி மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

“பூன கீதா ஊட்ல?”

“இல்லக்கா. வீட்ல ஒருத்தர் இருக்காரு. அவரை வெளிய கூட்டினு வரக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அவர்தான் ஒண்ணு வளக்கிறாரு.”

பஞ்சவர்ணம் ஆப்பச்சட்டியை இறக்கி வைத்தாள். மண்டபத்தில் பேசினவர்தானே என்று மட்டும் கேட்டாள். ரூபஸ் தலையாட்டினார். மறுநாளிலிருந்து ஆப்பத்தோடு தாமரை இலையில் மடித்த பொடி மீனும் வந்தது.

குஞ்சு குளியலறையில் வளர்ந்தது. பக்கெட் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, மீன் போதவில்லை என்று அதட்டும். பறவையைப் பற்றிப் பேசக் கூடாது என்றுதான் ரூபஸ் எழுதிக் கொடுத்திருந்தார். பறவையோடு பேசக் கூடாது என்று எங்கும் இல்லை. முதலில் அதோடு பேசினார். அது பதில் சொல்லாத இடங்களில் இவரே பதில் சொன்னார். கொஞ்ச நாளில் பழைய பேச்செல்லாம் திரும்பி வந்துவிட்டது. சவரம் செய்யும்போது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பவர் மழையைப் பற்றிக்கூடக் கேட்டார்.

மாசிக் கடைசியில், ஒரு சாயங்காலம், அது பால்கனிக் கம்பியில் ஏறி நின்றது. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். ஒருமுறை திரும்பி அவரைப் பார்த்துவிட்டு, தடுமாறிப் பறந்தது. திட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. உட்கார மரம் இல்லை. கடைசியில் ஒரு சிமென்ட் நாரையின் தலையில் போய் உட்கார்ந்தது. ரூபஸ் இருட்டும்வரை அங்கேயே நின்றார்.

அடுத்த நாளும் அது அங்கேயே இருந்தது. விஷயம் எப்படியோ பரவி, பகல் பதினொரு மணிக்கெல்லாம் இயக்குநர் விருந்தினர்களோடும் தொலைக்காட்சிக்காரரோடும் வந்து இறங்கினார். நிலைய ஊழியர் எல்லாரையும் கரையில் வரிசையாக நிறுத்தினார். பஞ்சவர்ணமும் கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“மரம் இருந்தால்தான் பறவை வரும் என்பது ஒரு கருத்து” என்றார் கார்த்திகேசன், மைக்கைப் பார்த்து. “இதோ உண்மை உட்கார்ந்திருக்கிறது. எல்லா ஏரியிலும் இந்த மாதிரிப் பூங்கா அமைக்க வேண்டும் என்று அரசை வலியுறுத்துகிறேன்.”

தெர்மாமீட்டர் மாத்திரை எழுதிக் கொடுத்ததை யாரும் கவனிக்கவில்லை. இயக்குநரின் கழுத்தில் அன்று எந்த அட்டையும் இல்லை, மாலை இருந்தது. அவர் ரூபஸை முன்னால் இழுத்து, இருபது வருஷ அனுபவம் உள்ள எங்கள் மூத்த விஞ்ஞானி இது என்ன பறவை என்று சொல்வார் என்றார்.

மைக் ரூபஸிடம் வந்தது. நீல அட்டை நேரம். அவர் கேமராவைப் பார்க்கவில்லை, நாரையின் தலையைப் பார்த்தார். அந்தப் பறவை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கோபமாக உட்கார்ந்திருந்தது. சிமென்ட் மண்டையைப் பற்றியிருந்த இடது காலில் ஒரு விரல் மடங்கியிருந்தது.

“ஏதோ ஒரு பறவை சார்” என்றார்.

தமிழரசு தலையைக் குனிந்துகொண்டார். தொலைக்காட்சிக்காரர் புரியாமல் விழித்தார். எங்கள் விஞ்ஞானிகள் அவசரப்பட்டு எதையும் சொல்லிவிட மாட்டார்கள் என்று இயக்குநர் சிரித்து, மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கூட்டத்துக்குப் பின்னால் பஞ்சவர்ணம் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று ரூபஸுக்குத் தெரியவில்லை.

மாலையில் அவர் வீட்டுக்கு வந்தார். இரண்டு அட்டைகளையும் வாசல் ஆணியில் மாட்டினார். பால்கனிக்குப் போய்ப் பார்த்தபோது நாரையின் தலை காலியாக இருந்தது. எந்த ஏரிக்குப் போயிற்றோ. குளியலறையைக் கழுவி, பக்கெட்டை நிமிர்த்தி வைத்தார். அந்தி சாய்ந்தது. எந்தக் குரலும் வரவில்லை. இருந்தாலும் உலை வைத்தார்.

“வக்கா போயிடுச்சு, ரூபஸ்” என்று சத்தமாகச் சொன்னார்.

“போகட்டும்பா. மாசி முடிஞ்சிடுச்சில்ல” என்றார், அந்த வீட்டில் இருந்தவர்.